கேம்பல் பே குரங்கும் கான்சாஸ் பேராசிரியர்களும்

குரங்குத் தொல்லை உள்ள ஊரில் எந்தத் தோப்புக்காரரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பேச்சு குரங்கின் குணத்தைத்தான் சுற்றிவரும். அதற்குத் திருட்டுப் புத்தி. ஆளைப் பார்த்து நடக்கும். பெண்கள் விரட்டினால் மதிக்காது. ஒருமுறை அடி வாங்கினால் வஞ்சம் வைத்துத் திரும்பி வரும். நடத்தைப் பகுப்பாய்வு படிக்க வரும் மாணவரிடம் முதல் வாரத்திலேயே இந்தப் பேச்சைத் தள்ளிவைக்கச் சொல்லிவிடுவார்கள். குரங்கு எப்படிப்பட்டது என்று எழுதாதே. அது என்ன செய்தது, செய்வதற்குச் சற்று முன் அங்கே என்ன இருந்தது, செய்த கையோடு என்ன நடந்தது, இந்த மூன்றை மட்டும் எழுது.

‘நடத்தை மாற்றம்’, ‘பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வு’ என்ற பெயர்களில் பல்கலைக்கழகங்கள் கற்பிக்கும் இந்தப் பாடம் வழக்கமாக இரண்டு படங்களோடு தொடங்கும். ஒன்று, பெட்டிக்குள் நெம்புகோலை அழுத்தும் எலி. மற்றொன்று, மேசைக்கு எதிரே ஆசிரியரோடு உட்கார்ந்திருக்கும் ஆட்டிசக் குழந்தை. எலியின் படத்துக்குப் பதிலாகக் கேம்பல் பே குரங்கின் படத்தை வைத்து இதைச் சொல்லிப் பார்க்கிறேன். இந்தத் துறையின் அடிப்படை விதிகள் ஒவ்வொன்றும் அந்தத் தோப்புகளில், எந்தப் பெட்டியும் இல்லாமல், நாள்தோறும் நடந்துகொண்டிருக்கின்றன.

கேம்பல் பே, கிரேட் நிகோபார் தீவின் கிழக்குக் கரையில் இருக்கிறது. இந்தியாவின் தென்கோடியான இந்திரா முனை இதே தீவில்தான் உள்ளது. 1969 முதல் முன்னாள் படைவீரர்களின் குடும்பங்களை அரசு இங்கே குடியமர்த்தியது. பஞ்சாப், மகாராஷ்டிரம், கேரளம், ஆந்திரம், தமிழ்நாடு என்று பல மாநிலங்களிலிருந்தும் வந்தார்கள். காட்டைத் திருத்தித் தென்னையும் பாக்கும் வைத்தார்கள். கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லக்ஷ்மி நகர் என்று ஊர்கள் உண்டாயின. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை கரையோர ஊர்களையும் தோப்புகளையும் அடித்துக்கொண்டு போனது. இந்திரா முனையில் நிலமே நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்துவிட்டது. மிஞ்சியவர்கள் மறுபடியும் தென்னை நட்டார்கள். இளநீரும் கொப்பரையும் அவர்களுக்கு வருமானம். அதே தென்னங்குலைக்கு இன்னொரு பங்காளியும் இருக்கிறது.

அதுதான் நிகோபார் நீள்வால் குரங்கு. கிரேட் நிகோபார், லிட்டில் நிகோபார், கச்சால் ஆகிய மூன்று தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத துணையினம். 1972ஆம் ஆண்டின் வனஉயிர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இடம்பெற்றிருக்கிறது. புலிக்கு உள்ள பாதுகாப்பு இதற்கும் உண்டு. கடலோரக் காட்டில் தாழம்பழம் தின்னும், நண்டு பிடிக்கும். அலை அந்தக் கடலோரத் தாழங்காட்டையும் விட்டுவைக்கவில்லை. குடியேறியவர்கள் கரையை ஒட்டித் தோப்பு போட்டார்கள், குரங்குக்கும் கரைதான் பிடித்த இடம். இந்தத் தகராறில் யாருடைய கெட்ட குணமும் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

இந்தக் குரங்குகளை நெடுநாள் பின்தொடர்ந்து ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர்கள் கோவை ஆனைகட்டியில் உள்ள சாலிம் அலி பறவையியல் மற்றும் இயற்கை வரலாற்று மையத்தைச் சேர்ந்தவர்கள். ஹொன்னாவள்ளி குமாராவும் அவருடைய மாணவர்களும். அவர்களோடு சேர்ந்து எழுதியவர் மேவா சிங். இவர் விலங்கியல் துறைக்காரர் அல்லர்; மைசூர் பல்கலைக்கழகத்தில் உளவியல் பேராசிரியர், உயிர்-உளவியல் ஆய்வகத்தை நடத்தியவர். வால்பாறையின் சிங்கவால் குரங்குகளைப் பற்றி இன்று நாம் அறிந்திருப்பதில் பெரும்பகுதிக்கு அவரும் அவருடைய மாணவர்களும் காரணம். மைசூர் உளவியல் துறை 1924இல் எம்.வி. கோபாலசாமி தொடங்கியது. உளவியல் என்றால் ஆலோசனை அறையும் சாய்வு நாற்காலியும்தான் என்று எண்ணுகிற மாணவர்களுக்கு இந்த மைசூர்க் கதையை நான் தவறாமல் சொல்வேன். காட்டில் குரங்கின் பின்னால் நடப்பதும் உளவியல்தான்.

இந்தக் குழு 2018இல் வெளியிட்ட ஒரு கட்டுரை, நிகோபார் குரங்குகள் உணவைப் பக்குவப்படுத்தும் முறைகளைப் பற்றியது. முள்ளோ சுணையோ உள்ள இரையை இலையில் சுற்றித் தேய்க்கின்றன. அழுக்கானதைத் தண்ணீரில் கழுவுகின்றன. கெட்டியானதைத் தரையிலோ கல்லிலோ மோதுகின்றன. பல்லிடுக்கில் சிக்கியதை எடுக்க மெல்லிய பொருள் ஒன்றைக் கையில் பிடித்துப் பல்லுக்கு நடுவே இழுக்கின்றன. நாம் விருந்துக்குப் பிறகு ஈர்க்குச்சி தேடுவோமே, அந்த வேலை.

இதில் தேங்காயைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முற்றிய மட்டைத் தேங்காயை அரிவாள் இல்லாமல் திறப்பது மனிதருக்கே எளிதில்லை. குரங்கு மட்டையைப் பல்லால் கடித்துக் கடித்து நாராக உரிக்க வேண்டும். உரித்த பிறகு ஓட்டை உடைக்கவோ கண்ணைத் துளைக்கவோ வேண்டும். இளங்காய் அவ்வளவு சிரமம் தராது. குட்டிக் குரங்கு இதை ஒரே நாளில் கற்றுக்கொள்வதில்லை. முதலில் பெரியது தின்று போட்ட ஓட்டில் ஒட்டியிருக்கும் வழுக்கையைச் சுரண்டுகிறது. அதற்குப் பலன் உண்டு. பிறகு பாதி உரித்த காயோடு மல்லுக்கட்டுகிறது. எப்போதாவது பலன் உண்டு. முழுக்காய் கடைசியில். ஆய்வகத்தில் ஒரு புறாவுக்குப் புதிய வித்தையைப் பழக்க வேண்டுமென்றால், விரும்பிய செயலுக்குக் கிட்டத்தட்ட வரும் ஒவ்வொரு படிக்கும் தானியம் கொடுத்து, படியை மெல்ல உயர்த்திக்கொண்டே போவார்கள். ‘படிப்படியாக வடித்தல்’ என்று பாடத்தில் வரும். தோப்பில் அந்தப் படிகளை யாரும் திட்டமிட்டு வைக்கவில்லை. தேங்காயின் அமைப்பும் பெரிய குரங்குகளின் மிச்சமும் சேர்ந்து வைத்துவிடுகின்றன.

நடத்தையை அதன் விளைவு வடிக்கிறது என்ற எண்ணத்துக்கு நூறாண்டுக்கு மேல் வயதாகிறது. 1898இல் எட்வர்ட் தார்ன்டைக் பூனைகளைப் புதிர்ப்பெட்டியில் அடைத்து, வெளியே வர எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்தார். திருப்தி தரும் விளைவு எந்தச் செயலைத் தொடர்கிறதோ அந்தச் செயல் மீண்டும் வரும் வாய்ப்பு கூடுகிறது என்றார். பி.எஃப். ஸ்கின்னர் 1938இல் அதை ஒரு முழு ஆய்வுமுறையாக விரித்தார். 1957இல் சார்லஸ் ஃபெர்ஸ்டரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட பெரிய நூல், ‘எத்தனை முறைக்கு ஒருமுறை பலன்’ என்ற ஒரே கேள்வியை எல்லாக் கோணத்திலிருந்தும் ஆராய்கிறது. அதில் தோப்புக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. ஒவ்வொரு முறையும் பலன் கிடைத்துப் பழகிய செயல், பலன் நின்றதும் சீக்கிரம் நின்றுவிடும். எப்போது கிடைக்கும் என்று சொல்ல முடியாதபடி விட்டுவிட்டுப் பலன் கிடைத்துப் பழகிய செயலோ, பலன் நின்ற பிறகும் நெடுநேரம் நீடிக்கும். பத்து சீட்டு வாங்கியும் பரிசு விழாத ஒருவர் பதினோராவது சீட்டு வாங்குவதன் கணக்கு இது. தமிழ்நாடு 2003இல் லாட்டரியையே தடை செய்ய வேண்டியிருந்தது. புத்தி சொல்லிப் பயன் இருக்கவில்லை.

இதைத் தோப்புக்குக் கொண்டுவாருங்கள். வீட்டுக்காரர் இருக்கும் நாளில் நாயை ஏவுகிறார், கவண் எடுக்கிறார், வெடி போடுகிறார். வேலையாகத் துறைமுகப் பக்கம் போன நாளில் யாருமில்லை. குரங்குக்குச் சில நாள் கிடைக்கிறது, சில நாள் கிடைப்பதில்லை. அரைகுறைக் காவல், குரங்கின் வருகையைக் குறைப்பதற்குப் பதிலாக எளிதில் அழியாதபடி கெட்டிப்படுத்துகிறது. வெடிச் சத்தத்தின் கதை இன்னும் மோசம். சத்தத்துக்குப் பின் எந்தத் தீங்கும் வராவிட்டால் உடம்பு அதைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழகிவிடும். முதல் வாரம் ஓடிய கூட்டம் அடுத்தடுத்த வாரங்களில் தலையை மட்டும் திருப்பிப் பார்க்கும்.

அடுத்தது வாசலில் நடப்பது. என் பார்வையில் இந்தத் துறை நமக்குத் தந்தவற்றில் மிகப் பெரியது இதுதான். ஒரு டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஆண் குரங்கு ஒன்று வந்து பல்லைக் காட்டி உறுமுகிறது. கடைக்காரர் ஒரு வாழைப்பழத்தை எறிகிறார். குரங்கு பழத்தோடு போய்விடுகிறது. உறுமியதற்குப் பழம் கிடைத்தது. ஆக உறுமல் பலப்படும். இதுவரை எல்லோருக்கும் புரிகிறது. கடைக்காரரின் பக்கம் பாருங்கள். அவர் பழம் எறிந்தார், உடனே தொல்லை விலகியது. வேண்டாத ஒன்று விலகுவதும் ஒரு பலன்தான். ஆகவே பழம் எறியும் செயலும் அவரிடம் பலப்படுகிறது. ஒவ்வொரு நாளும் இருவரும் ஒருவரையொருவர் பயிற்றுவிக்கிறார்கள். குரங்குக்குப் புத்தி சொல்ல முடியாது. கடைக்காரருக்குச் சொல்லலாம், ஆனால் அவருக்கு அந்த நொடியில் கிடைக்கும் நிம்மதிக்கு முன் நம் புத்திமதி எம்மாத்திரம்? ஓரிகானில் ஜெரால்ட் பேட்டர்சன் குடும்பங்களின் வீடுகளுக்கே ஆய்வாளர்களை அனுப்பி, கத்தி அழும் குழந்தைக்கும் விட்டுக்கொடுக்கும் தாய்க்கும் இடையே இதே சுழற்சி நடப்பதைப் பதிவு செய்தார். 1982இல் அது நூலாக வந்தது. குழந்தை கெட்டது என்றோ தாய்க்குக் கண்டிக்கத் தெரியவில்லை என்றோ சொல்லிப் பழகிய இடத்தில், இருவரும் ஒரே பொறியில் மாட்டியிருக்கிறார்கள் என்று காட்டியது பெரிய விடுதலை.

இந்தப் பொறியிலிருந்து வெளியேறும் வழியில் ஒரு கண்டம் இருக்கிறது. பலனை நிறுத்தினால் செயல் மறையும் என்பது விதி. ஆனால் மறைவதற்கு முன் அது பெரும்பாலும் ஏறும். பழம் வராத முதல் நாள் குரங்கு இன்னும் பலமாக உறுமும், பாயும், பாத்திரத்தை உருட்டும். அந்த உச்சத்தில் கடைக்காரர் பொறுக்க முடியாமல் பழத்தை எறிந்துவிட்டால், ‘பாய்ந்தால் பழம்’ என்ற புதிய பாடத்தைக் கற்பித்தவர் ஆகிறார். கொடுப்பதை நிறுத்துங்கள் என்று அறிவிப்புப் பலகை வைப்பவர்கள், நிறுத்திய முதல் சில நாட்கள் நிலைமை மோசமாகும் என்பதையும் அதே பலகையில் எழுத வேண்டும். 2020 மார்ச்சில் தாய்லாந்தின் லோப்புரி நகரில் சுற்றுலாப் பயணிகள் திடீரென்று நின்றுபோனபோது, அவர்கள் கொடுத்ததைத் தின்று பழகியிருந்த நூற்றுக்கணக்கான குரங்குகள் ஒரு துண்டு உணவுக்காகத் தெருவில் கட்டிப்புரண்டதை உலகமே காணொளியில் பார்த்தது. அதுவும் இதே நீள்வால் குரங்கு இனம்தான்.

பாலித் தீவின் உலுவாட்டு கோயிலில் இந்த இனம் வேறொரு உயரத்துக்குப் போயிருக்கிறது. குரங்குகள் பயணிகளின் மூக்குக் கண்ணாடி, செருப்பு, கைப்பேசி ஆகியவற்றைப் பறித்துக்கொள்கின்றன. அவற்றைத் தின்ன முடியாது. கோயில் ஊழியர் தின்பண்டம் நீட்டும்வரை பொருளை வைத்திருந்து, பிறகு கைமாற்றுகின்றன. கனடாவின் லெத்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ழான்-பாப்டிஸ்ட் லெகாவும் குழுவினரும் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, வயதில் மூத்த குரங்குகள் மனிதர் அதிகம் மதிக்கும் பொருளைத் தேர்ந்து பறிக்கின்றன; அதற்கு ஈடாக நல்ல தீனியோ கூடுதல் தீனியோ எதிர்பார்க்கின்றன. 1960களில் டியோடோரோ அய்லோனும் நேதன் அஸ்ரினும் இல்லினாய் மாநிலத்தின் ஆனா அரசு மனநல மருத்துவமனையில் டோக்கன் முறை ஒன்றை அமைத்தார்கள். நெடுங்காலமாக முடங்கிக் கிடந்த நோயாளிகள் சிறு வேலைகள் செய்து டோக்கன் பெற்று, விரும்பியதை வாங்கிக்கொண்டார்கள். உலுவாட்டுவில் அத்தகைய டோக்கன் முறை யாரும் திட்டமிடாமல் உருவாகிவிட்டது. தொடங்கியது குரங்கா மனிதரா என்று பிரித்துச் சொல்வது கடினம்.

விளைவு எல்லாவற்றையும் எப்படி வேண்டுமானாலும் வடித்துவிடும் என்றும் நினைக்கக் கூடாது. ஸ்கின்னரின் மாணவர்களான கெல்லர், மரியான் பிரெலாண்ட் தம்பதியர் 1961இல் இதை நேர்மையாக எழுதினார்கள். விலங்குகளைப் பழக்கிக் காட்சிக்கு வைப்பது அவர்கள் தொழில். நாணயத்தைப் பெட்டிக்குள் போடப் பழக்கிய ரக்கூன், நாளடைவில் இரண்டு நாணயம் கொடுத்தபோது அவற்றைப் போடாமல் சேர்த்துத் தேய்க்க ஆரம்பித்தது. தேய்ப்பதால் உணவு தாமதமானது, ஆனாலும் தேய்த்தது. ரக்கூன் தன் இரையைக் கையாளும் வழி அது. நிகோபார் குரங்கின் தேய்த்தலும் மோதுதலும் அப்படிப்பட்ட இயல்புதான். தோப்பு வருவதற்கு ஆயிரமாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கைகள் தாழம்பழத்திலும் நண்டிலும் பழகியிருந்தன. தென்னை அவற்றுக்குப் புதிய வேலை கொடுத்தது, அவ்வளவே.

கேம்பல் பேயில் முதல் குடியேற்றக் குடும்பங்கள் இறங்குவதற்கு முந்தைய ஆண்டு, 1968இல், அமெரிக்காவின் கான்சாஸ் பல்கலைக்கழகத்திலிருந்து டொனால்ட் பேயர், மான்ட்ரோஸ் உல்ஃப், டாட் ரிஸ்லி என்ற மூவர், பயன்பாட்டு நடத்தைப் பகுப்பாய்வுக்கென்று புதிதாகத் தொடங்கிய ஆய்விதழின் முதல் ஆண்டிலேயே ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்தத் துறை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு இன்றுவரை மாணவர்கள் படிக்கும் மூலக் கட்டுரை அது. அதில் இரண்டு நிபந்தனைகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். மாற்ற நினைக்கும் நடத்தை அந்த மனிதருக்கும் சமூகத்துக்கும் உண்மையில் முக்கியமானதாக இருக்க வேண்டும்; ஆய்வாளரின் வசதிக்காகத் தேர்ந்ததாக இருக்கக் கூடாது. இரண்டாவது, மாறியது நம் முயற்சியால்தான் என்று காட்ட முடிய வேண்டும்.

முதல் நிபந்தனையை மீறியபோது இந்தத் துறை செய்த தீங்கை மறைக்காமல் சொல்லவேண்டும். கலிஃபோர்னியாவில் ஐவர் லோவாஸ் ஆட்டிசக் குழந்தைகளோடு 1960களில் வேலை செய்தபோது கன்னத்தில் அறைவதையும் மின்னதிர்ச்சியையும் பயன்படுத்தினார். 1965இல் ‘லைஃப்’ இதழ் அதைப் படங்களோடு வெளியிட்டது. 1987இல் அவர் வெளியிட்ட முடிவு பெரும் நம்பிக்கையை விதைத்தது: வாரம் 40 மணி நேரம், இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ பயிற்சி பெற்ற 19 குழந்தைகளில் 9 பேர் சாதாரணப் பள்ளி வகுப்பில் சேர்ந்து படிக்கும் நிலைக்கு வந்தார்கள் என்றார். குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரிக்கவில்லை என்ற குறை அப்போதே எழுந்தது. அதைவிட ஆழமான கேள்வியை எழுப்பியவர்கள், அந்த மாதிரிப் பயிற்சியில் வளர்ந்து பெரியவர்களான ஆட்டிசக்காரர்கள். கையை உதறுவதை ஏன் நிறுத்தினீர்கள்? அது யாருக்குத் தொல்லையாக இருந்தது? கண்ணைப் பார்த்துப் பேசவைத்தது எங்கள் நன்மைக்கா, உங்கள் திருப்திக்கா? இந்தக் கேள்விகள் நியாயமானவை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நடத்தைப் பகுப்பாய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் மின்னதிர்ச்சி முறையை எதிர்த்து நிலைப்பாடு எடுத்தது 2022இல்தான். அவ்வளவு காலம் ஆகியிருக்க வேண்டியதில்லை.

துறைக்குள்ளிருந்தே வந்த திருத்தங்களும் உண்டு. 1978இல் உல்ஃப், சிகிச்சையின் நோக்கத்தையும் முறையையும் முடிவையும் சம்பந்தப்பட்டவர்கள் ஏற்கிறார்களா என்று அவர்களிடமே கேட்க வேண்டும் என்று எழுதினார். எதையும் எண்ணால் அளக்கப் பழகிய துறையில், ‘போய்க் கேளுங்கள்’ என்று சொல்வதற்குத் துணிச்சல் வேண்டியிருந்தது. 1982இல் பிரையன் இவாட்டா குழுவினர், தன்னைத் தானே அடித்துக்கொள்ளும் பிள்ளைகளிடம், அந்த அடி எதைப் பெற்றுத் தருகிறது என்று முதலில் சோதித்தார்கள். கவனமா, கடினமான வேலையிலிருந்து தப்பிப்பதா, வெறும் உடல் உணர்வா? 1985இல் எட்வர்ட் கார், மார்க் டுராண்ட் இருவரும் அடுத்த அடியை வைத்தார்கள். பாடம் கடினமானதும் தலையில் அடித்துக்கொள்ளும் பிள்ளைக்கு, உதவி கேட்கும் ஒரு வாக்கியத்தைக் கற்றுக்கொடுத்தார்கள். கேட்டால் உதவி கிடைத்தது. அடித்துக்கொள்வது குறைந்தது. தண்டனை எதுவும் தேவைப்படவில்லை. பிள்ளை ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்ததைச் சொல்ல அதற்கு ஒரு வலியில்லாத வழி வேண்டியிருந்தது.

இந்தியாவில் இந்த அணுகுமுறை சிறப்புப் பள்ளிகளுக்குப் பரவியதில் செகந்தராபாத்தில் உள்ள, அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான தேசிய நிறுவனத்துக்குப் பெரும் பங்குண்டு. ரீட்டா பேஷாவரியாவும் எஸ். வெங்கடேசனும் 1992இல் ஆசிரியர்களுக்காக எழுதிய நடத்தை அணுகுமுறைக் கையேடு பல ஆசிரியர்களின் மேசையில் இருந்தது. வாரம் 40 மணி நேரம் என்பது நம் ஊரில் பெரும்பாலான குடும்பங்களுக்கு எட்டாதது. தலைநகருக்கே கப்பல் பிடிக்க வேண்டிய தீவுக் குடும்பத்துக்குக் கேட்கவே வேண்டாம். அதனால்தான் 2016இல் கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளின் குடும்பங்களோடு நடந்த ஆய்வை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அது லோவாஸ் வழியைச் சேர்ந்தது அல்ல. நிபுணர் அல்லாத சுகாதாரப் பணியாளர் வீட்டுக்கே போய், குழந்தையும் தாயும் விளையாடுவதைப் படம்பிடித்து, அதைத் தாய்க்குப் போட்டுக் காட்டி, குழந்தை கொடுக்கும் சிறு குறிப்புகளைக் கவனிக்கப் பழக்குகிறார். எட்டு மாதத்தில் பன்னிரண்டு சந்திப்புகள். பெற்றோர் குழந்தையின் போக்கோடு இசைந்து பேசுவது கூடியது. குழந்தையும் தானாகப் பேச்சைத் தொடங்குவது கூடியது. மாறியது முதலில் பெரியவர்.

கேம்பல் பேயிலும் வேலை பெரியவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். குரங்கை அடிக்கவோ, அனுமதி இல்லாமல் பிடித்துக்கொண்டு போய் விடவோ சட்டம் இடம் தராது. இடம் தந்தாலும் பயனில்லை, தின்பதற்குக் கிடைக்கும் இடம் அப்படியே இருந்தால் அடுத்த கூட்டம் வரும். மாற்றக்கூடியவை மூடியில்லாத குப்பைத்தொட்டி, திறந்த சமையலறைச் சன்னல், முற்றத்தில் காயும் கொப்பரை, வாசலில் எறியும் பழம். சிங்கப்பூர் இதே இனக் குரங்குகளோடு வாழ்கிறது. அங்கே காட்டுவிலங்குக்கு உணவளிப்பவருக்கு 2020இலிருந்து முதல் குற்றத்துக்கே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம். குப்பைத்தொட்டிகளைக் குரங்கு திறக்க முடியாதபடி செய்கிறார்கள். தென்னை மரத்துக்கு மூடி போட முடியாது என்பது உண்மை. தோப்புக்காரரின் இழப்புக்கு முறையான ஈடு இல்லாமல் அவரிடம் பொறுமையை மட்டும் கேட்பது, பலன் இல்லாத செயலை நீடிக்கச் சொல்வதுதான்; இந்த அத்தியாயத்தின் விதிப்படியே அது நீடிக்காது.

மாற்றம் நம் முயற்சியால்தான் வந்தது என்று எப்படிக் காட்டுவது? வழக்கமான வழி, முறையை அமல்படுத்தி, நிறுத்தி, மறுபடி அமல்படுத்திப் பார்ப்பது. வாசல் பழத்தை நிறுத்திவிட்டு ஆய்வுக்காக மீண்டும் எறியச் சொல்ல முடியாது. கான்சாஸ் மூவர் அதே 1968 கட்டுரையில் இதற்கு வேறொரு வழி சொல்லியிருக்கிறார்கள். பல இடங்களில் ஒரே நேரத்தில் அளக்கத் தொடங்க வேண்டும்; ஆனால் முறையை ஓர் இடத்தில் மட்டும் முதலில் அமல்படுத்தி, அங்கே மாற்றம் தெரிந்த பின் இரண்டாவது இடம், பிறகு மூன்றாவது. ஒவ்வோர் இடத்திலும் முறை வந்த பிறகே எண் இறங்கினால், மழையோ பழப்பருவமோ காரணம் என்று சொல்ல முடியாது. தனித்தனிக் குடியேற்ற ஊர்களாக அமைந்த கேம்பல் பே பகுதிக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் கிடைக்காது. மூடியுள்ள தொட்டிகள் முதலில் ஜோகிந்தர் நகரில், அடுத்து விஜய் நகரில், பிறகு லக்ஷ்மி நகரில்.

அளப்பதற்கு முன் வரையறை வேண்டும். ‘குரங்கு அட்டகாசம் செய்தது’ என்று எழுதினால் இரண்டு பேர் இரண்டு விதமாக எண்ணுவார்கள். ‘குரங்கின் நான்கு காலும் வேலிக்கு உள்ளே வந்தன’ என்று எழுதினால் எண்ணிக்கை ஒத்துவரும். கூட்டம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்தால் துடுக்கான ஆண் குரங்கு மட்டுமே கண்ணில் படும். அதனால் குறித்த இடைவெளியில் ஒவ்வொன்றாகப் பார்த்து, அந்த நொடியில் அது செய்வதை எழுத வேண்டும். விலங்கியல் களப்பணிக்கு ஜீன் ஆல்ட்மன் 1974இல் இந்த முறைகளை ஒழுங்குபடுத்தித் தந்தார். சிறப்புப் பள்ளி வகுப்பறையில் நடத்தைப் பகுப்பாய்வாளர் வைத்திருக்கும் பதிவுத் தாளும் ஏறக்குறைய இதே மாதிரிதான் இருக்கும். ஒரு வரி இப்படி வரலாம்: ‘காலை 6.40. முன்: சமையலறைச் சன்னல் திறந்திருக்கிறது, ஆள் இல்லை. நடத்தை: பெண் குரங்கு, குட்டியோடு, சன்னல் வழியே உள்ளே. பின்: சோற்றுப் பானை, கையில் அள்ளி வெளியே, விரட்டல் இல்லை.’ இப்படி நூறு வரி சேர்ந்தால் தோப்பின் கதை வேறு மாதிரி தெரிய ஆரம்பிக்கும். எந்த நேரம், எந்த வீடு, எந்தச் சன்னல் என்று.

இதற்கு இப்போது அவசரமும் வந்துவிட்டது. கிரேட் நிகோபாரில் துறைமுகம், விமான நிலையம், மின்நிலையம், நகரியம் ஆகியவற்றைக் கொண்ட பெருந்திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி கிடைத்தது. 2011 கணக்கெடுப்பில் தீவில் இருந்தவர்கள் சுமார் 8,000 பேர். திட்டம் முழுமை பெறும்போது மூன்றரை லட்சம் பேர் வரை இருப்பார்கள் என்று அதன் ஆவணங்கள் கணக்கிடுகின்றன. காட்டுக்கும் தீவின் பழங்குடிகளான ஷொம்பென், நிகோபாரி மக்களுக்கும் இது என்ன செய்யும் என்ற விவாதம் இந்த நூலின் எல்லையைவிடப் பெரியது. நடத்தைப் பகுப்பாய்வு அதில் சேர்க்கக்கூடியது ஒன்றுதான். எந்த மாற்றத்துக்கும் முன் அடிப்படை அளவு எடுத்தாக வேண்டும். ஆள் வந்து, குப்பை வந்து, பழம் எறியும் புதிய கைகள் வந்த பிறகு அந்த அளவை எடுக்கவே முடியாது. எத்தனை கூட்டங்கள், நாளில் எத்தனை மணி நேரம் காட்டில், எத்தனை மணி நேரம் தோப்பில், எத்தனை முறை மனிதர் கையிலிருந்து தின்கின்றன என்ற எண்கள் ஊர் வாரியாக இப்போதே வேண்டும். ஆனைகட்டியிலிருந்தும் மைசூரிலிருந்தும் வந்த ஆய்வாளர்கள் தொடங்கிவைத்த பதிவுகள் இருக்கின்றன. அவற்றைத் தொடர ஒரு கைக்கடிகாரமும் கோடு போட்ட நோட்டும் போதும். கேம்பல் பே மேல்நிலைப் பள்ளி மாணவர்களுக்கே இதைக் கற்றுக்கொடுத்துவிடலாம்.